ஆயிரத்து இருநூறு வரை தாங்கும்

அலுவலகத்தில் அவளுக்குப் பேர் பூச்சி. யாரும் கேலிக்கு வைத்ததில்லை. மென்பொருளில் இருக்கிற பிழையைப் பூச்சி என்பது அந்தத் தொழிலில் வழக்கம். பதினோரு வருஷமாக மற்றவர்கள் எழுதியதில் பூச்சி பிடித்துப் பிடித்து, கடைசியில் பேரே அவள்மேல் ஒட்டிக்கொண்டது. புதிதாகச் சேர்கிறவர்கள்கூட இரண்டாம் நாளே "பூச்சிக்கா" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அவளுக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமைதான்.

அந்த வருஷம் கம்பெனிக்குச் சுகாதாரத் துறையின் வேலை கிடைத்தது. நிரந்தர நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். விண்ணப்பம் இணையதளம் வழியாக மட்டும். தளத்தைக் கட்டுவது மற்றவர்கள் பாடு. கட்டியது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது பூச்சியின் பாடு. கையால் ஒவ்வொன்றாகச் சோதிக்க அவகாசமில்லை, அதற்கென்று டூல் வாங்கித் தருகிறேன் என்றார் மேலாளர். ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும். எது வேண்டுமென்று பார்த்துச் சொல்.

இரண்டு டூல்களை இரண்டிரண்டு வாரம் வாங்காமலே ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். முதலாவது, ஒரு ஆள் செய்கிற வேலையைத் தானே செய்து பார்க்கும். பக்கத்தைத் திறக்கும், பேர் எழுதும், பிறந்த தேதி போடும், சர்டிபிகேட்டை ஏற்றும், பட்டனை அழுத்தும். சரியாக இருந்தால் பச்சைக் கோடு, தப்பாக இருந்தால் சிவப்பு. இரண்டாவது டூலுக்குப் பேரும் தெரியாது, பட்டனும் தெரியாது. நூறு பேர், ஐந்நூறு பேர், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்து கதவைத் தட்டுகிற மாதிரி தட்டும். தளம் எவ்வளவு பேரைத் தாங்குகிறது என்று மட்டும் ஒரு கோடு போட்டுக் காட்டும்.

முதல் டூலில் நூற்று நாற்பது சோதனை. நான்கு சிவப்பு வந்தது, திருத்தினார்கள், எல்லாம் பச்சை. இரண்டாவதை ஓட்டியபோது முந்நூறு பேருக்குத் தளம் அசையவில்லை. தொள்ளாயிரத்தில் ஒரு பக்கம் திறக்க நாற்பது விநாடி ஆனது. ஆயிரத்து இருநூறைத் தாண்டியதும் பொத்தென்று விழுந்தது. பூச்சி மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் அதே இடத்தில்தான் விழுந்தது.

ரிப்போர்ட்டில் அதை ஏழாம் பக்கத்தில் எழுதினாள். விண்ணப்பிக்கப் போவது நாற்பதாயிரம் பேர், கடைசி நாள்தான் பாதிப் பேர் வருவார்கள், ஆகவே இரண்டாவது டூலைத்தான் வாங்க வேண்டும் என்று முடித்தாள்.

மேலாளர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே லீவு கொடுத்தவர்.

"துறையிலேர்ந்து பத்தே நாள்ல வந்து பாக்கப் போறாங்க. அவங்க முன்னாடி எதம்மா ஓட்டிக் காட்டறது? தானா டைப் பண்ணி, தானா பட்டனை அமுக்கி, பச்சை பச்சையா வந்து விழுது, அதக் காட்டலாம். உன்னோட இன்னொண்ணு வெறும் கோடு. அதுவும் விழுற கோடு."

"விழுதுங்கறதுதான் சார் விஷயமே. ஏழாம் பக்கம் பாத்தீங்களா?"

"பாத்தேன். அந்தப் பக்கத்த எடுத்துடு."

"சார்..."

"அந்த டூல நாம வாங்கல. வாங்காத டூல் சொன்னது ரிசல்ட்டே இல்ல. நாளைக்கு யாராவது கேட்டா என்ன பதில் சொல்றது? சர்வர் ஆளுங்ககிட்ட நான் பேசிக்கறேன், பெருசாக்கச் சொல்றேன். நீ பச்சைய மட்டும் வெச்சு முடி. குழுத் தலைவர் பதவிக்கு உன் பேரத்தான் அனுப்பியிருக்கேன், தெரியுமில்ல?"

தெரியும். அந்தப் பதவிக்காக நான்கு வருஷமாகக் காத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் ஏழாம் பக்கத்தை எடுத்தாள். எட்டாம் பக்கம் ஏழாம் பக்கமாயிற்று. "எல்லாச் சோதனைகளிலும் தளம் தேறியது" என்கிற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். எழுதியதில் பொய் ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பூச்சியின் தங்கை ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ். ஒன்பது வருஷமாகப் பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை வேலையைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டுகிறவள். இந்த நிரந்தர வேலைக்கு வயது வரம்பு நாற்பது. அவளுக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

"அக்கா, நீ சோதிச்ச சைட்டாமே? என் அதிர்ஷ்டத்தப் பாரு!" என்று போனில் சிரித்தாள். "நல்லா இருக்கா?"

"ஒவ்வொண்ணா நானே பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா சீக்கிரம் போட்டுடு, கடைசி நாள் வரைக்கும் வெச்சுக்காத."

"அனுபவ சர்டிபிகேட் வரணும்க்கா. ஆபீஸ்ல அந்தக் கிளார்க் இன்னிக்கு நாளைக்குன்னு இழுக்கறாரு. அது இல்லாம போட்டா தள்ளுபடியாம்."

ஏன் சீக்கிரம் என்று தங்கை கேட்கவில்லை, பூச்சியும் சொல்லவில்லை. ஆயிரத்து இருநூறு என்கிற எண் நாக்கு நுனி வரை வந்தது. கம்பெனி விஷயம் வெளியே பேசக் கூடாது, சர்வரைப் பெரிதாக்கியிருப்பார்கள், வீணாக அவள் வயிற்றில் ஏன் புளியைக் கரைக்க வேண்டும் என்று மூன்று காரணமும் சேர்ந்து வந்து அதை விழுங்க வைத்தன. தெரிந்திருந்தால் தங்கை அந்தக் கிளார்க்கின் மேஜை முன்னால் போய் உட்கார்ந்திருப்பாள். அதற்கான வாய் அவளுக்கு உண்டு.

சர்டிபிகேட் கடைசி நாள் காலை பதினொரு மணிக்குக் கைக்கு வந்தது. சாயங்காலம் ஐந்து மணியோடு தளம் மூடும். மதியம் ஒன்றரைக்குத் தங்கையின் போன்.

"சுத்திக்கிட்டே இருக்குக்கா. பேர் எழுதற பக்கம் வந்துச்சு, சர்டிபிகேட் ஏத்தறப்ப வெள்ளையாயிடுச்சு. மறுபடி முதல்லேர்ந்து கேக்குது. வார்டுல பன்னெண்டு பேருக்கு இதே கதி."

பூச்சி சர்வர் ஆளிடம் ஓடினாள். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெரிதாக்கச் சொல்லி அவனுக்கு எந்தத் தகவலும் வரவில்லை. உள்ளே நுழைய நிற்பவர்கள் ஒன்பதாயிரம். நிறுத்தி ஓட்டினார்கள், எழுந்தது, இரண்டு நிமிஷத்தில் மறுபடி விழுந்தது. நாலே முக்காலுக்குத் தங்கை கடைசிப் பக்கம் வரை போய்விட்டாள். "அமுக்கறேன்க்கா, அமுக்கறேன்" என்கிற குரல் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்து அடித்ததும் தளம் ஒழுங்காகத் திறந்தது, விண்ணப்பக் காலம் முடிந்தது என்று சொல்வதற்கு.

எண்ணூற்றுச் சொச்சம் நர்ஸுகள் ஒரு நாளாவது நீட்டிக் கொடுங்கள் என்று துறைக்கு மனு எழுதினார்கள். பத்து நாளில் பதில் வந்தது. தளம் முறைப்படி சோதிக்கப்பட்டு எல்லாவற்றிலும் தேறியது, கோளாறு விண்ணப்பதாரர்களின் இணைய இணைப்பில் இருந்திருக்கலாம், நீட்டிப்புக்கு இடமில்லை. ஆதாரமாகக் கம்பெனியின் ரிப்போர்ட்டையும் இணைத்திருந்தார்கள். அது நர்ஸுகளின் போன்களில் கைமாறிக் கைமாறித் தங்கையிடம் வந்தது.

தங்கை நேரில் வந்தாள். யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. போனை நீட்டினாள்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"அன்னிக்கு சீக்கிரம் போட்டுடுன்னியே. விழும்னு உனக்குத் தெரியுமா?"

பூச்சி பொய் சொல்லியிருக்கலாம். தெரியும் என்று தலையை ஆட்டினாள்.

"எவ்வளவு நாள் முன்னாடி?"

"ரெண்டு மாசம்."

தங்கை கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மறுநாளே பூச்சி எடுத்துவிட்ட பக்கத்தையும் மூன்று தடவை ஓட்டிய முடிவுகளையும் சேர்த்துத் துறைக்கு நேரடியாகக் கடிதம் போட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போட்டாள். மூன்றாம் வாரம் அதிகாரி ஒருவர் விசாரணைக்குக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அப்ப தேறிடுச்சுன்னு கையெழுத்துப் போட்டதும் நீங்கதான், இப்ப இல்லன்னு சொல்றதும் நீங்கதான்."

"ஆமா சார். அப்ப மறைச்சேன்."

"விண்ணப்பிக்க முடியாமப் போனவங்கள்ல உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"என் தங்கச்சி இருக்கா."

அதிகாரி பேனாவை மூடினார். சொந்த ஆதாயத்துக்காகக் கொடுத்த வாக்குமூலம் என்று குறித்து அவள் கடிதத்தைத் தள்ளிவிட்டார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

வேலை போகவில்லை. போயிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். மேலாளர் திட்டவும் இல்லை. "உணர்ச்சிவசப்பட்டுட்ட, விடு" என்று வேறு குழுவுக்கு மாற்றினார். குழுத் தலைவர் பதவி, துறைக்காரர்கள் முன்னால் பச்சைக் கோடுகளை ஓட்டிக் காட்டிய பையனுக்குப் போனது. அவனுக்கான வாழ்த்து அட்டை சுற்றி வந்தபோது பூச்சியும் எல்லோரோடும் கையெழுத்துப் போட்டாள்.

தங்கையின் ஒப்பந்தத்தை இன்னும் பதினோரு மாதத்துக்குப் புதுப்பித்தார்கள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது பற்றிப் பூச்சிதான் முதலில் போன் பண்ணினாள். தங்கை இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். எந்த டாக்டர், என்ன மருந்து, யார் கூட இருப்பது, எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். பிறந்ததிலிருந்து அக்காவை நீ, வா, போ என்றே பேசி, அதற்காக அப்பாவிடம் அடியும் வாங்கியவள் அவள்.

"சரி, வெச்சுடட்டுமா?" என்றாள் பூச்சி.

"சரிங்க," என்றாள் தங்கை. "நீங்க சாப்பிட்டீங்களா?"