ராணிக்குத் தெரியாது

நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்துக்காரனும் ஸ்பெயின்காரனும் கடலில் ஏன் மோதிக்கொண்டார்கள் என்று கேட்டால் லக்ஷ்மிப்ரியா மூச்சு விடாமல் பேசுவாள். அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். ஜெர்மனியில், அந்த டிரெஸ்டன் நகரத்தில் இருந்த மற்ற தமிழர்களுக்கு அந்தச் சண்டையைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவர்கள் சிப் தொழிற்சாலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் வந்தவர்கள். அவள் புருஷன் கிரிதரும் அப்படி வந்த இன்ஜினியர்தான். "தண்ணியில நடந்த குழாயடிச் சண்டை, அதுக்கு ஒரு டாக்டர் பட்டம் வேற!" என்று கிண்டல் செய்வான். கல்யாணமான புதிதில் அதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

இப்போது அந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. போன நவம்பரில், வயிற்றில் இருந்த குழந்தை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. சில சமயம் இப்படி ஆகும், யார் மேலும் தப்பில்லை என்று ஜெர்மன் டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கிரிதர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தனக்காகத்தான் கல்லாக நிற்கிறான் என்று நினைத்து, அவளும் அவன் முன்னால் அழுவதை நிறுத்திக்கொண்டாள். முட்டாள் பெண்.

துக்கத்தைக்கூட எப்படியோ சமாளித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் சமாளிக்க முடியவில்லை. சாப்பாடு முடிந்ததும் கிரிதர் சென்னைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்பான். அவன் அம்மா லலிதா முதலில் வெயிலைப் பற்றிப் பேசுவாள், பிறகு சொந்தக்காரர்கள் வீட்டுச் சீமந்தங்களைப் பற்றிப் பேசுவாள், அப்புறம் மெதுவாக மருமகளிடம் வருவாள். "வயித்துல ஒண்ணு இருக்கும்போது படிப்பு என்ன படிப்பு?" என்பாள். கிரிதர் அந்த நேரம் பார்த்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவுவான். போனை வைத்த பிறகு, "அம்மா அப்படித்தான், கண்டுக்காதே" என்று சொல்லி அவளுக்குக் காபி கலந்து கொடுப்பான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாகப் போயிருக்கும்.

அவள் அவனிடம் எதிர்பார்த்தது ஒரே ஒரு வாக்கியம். "அம்மா, அவ மேல தப்பில்லம்மா." இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு வாய் வலிக்குமா?

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் அவள் சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் பல்கலைக்கழகத்தில், தன் துறையில் அவள் கட்டுரை வாசிக்க வேண்டும்.

"எங்க நிக்குது சண்டை?" என்று கேட்டபடி கிரிதர் போனோடு வந்தான்.

"காரணம் எல்லாம் எழுதிட்டேன். ஸ்பெயின் கத்தோலிக்கம், இங்கிலாந்து புராட்டஸ்டண்ட். நெதர்லாந்துல கலகம். அமெரிக்காவுலருந்து வர்ற வெள்ளி. ஆனா இதுல ஸ்பெயினுக்கு எது பொறுக்க முடியாமப் போச்சுன்னு ப்ரொஃபசர் கேக்கறாங்க."

"எது?"

"எனக்கு இங்கிலாந்து ராணிதான்னு தோணுது. டிரேக் மாதிரி இங்கிலீஷ் மாலுமிங்க ஸ்பெயின் கப்பலைக் கொள்ளையடிப்பாங்க. தூதர் வந்து முறையிட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுடுவாங்க ராணி. பங்கு மட்டும் ஒழுங்கா வந்துடும். அப்புறம் அந்த ஆளுக்கே சர் பட்டம். கடைசி வரைக்கும் இது போர்னு முறையா ஒரு அறிவிப்புகூட கிடையாது."

"கெட்டிக்கார அம்மா" என்று சொல்லிவிட்டு அவன் சென்னை நம்பரை அழுத்தினான்.

வெயில் வந்தது, சீமந்தம் வந்தது. கிரிதர் உருளைக்கிழங்கோடு சமையல் மேடைக்கு ஒதுங்கினான்.

"ஏம்மா ப்ரியா, உன்னைச் சொல்லக் கூடாதுன்னுதான் பாக்கறேன்" என்றது லலிதாவின் குரல். "அன்னைக்கு மழையில, புத்தக மூட்டையைத் தூக்கிக்கிட்டு ட்ராமைப் பிடிக்க ஓடினியாமே? அப்படி என்ன அவசரம்? ஓடாம இருந்திருந்தா என் பேரன் இருந்திருப்பான்."

லக்ஷ்மிப்ரியாவுக்குப் பேரன் என்ற வார்த்தைகூட உறைக்கவில்லை. 'ஓடினியாமே' என்ற இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள். கண்ணால் பார்த்தவர்கள் ஓடினாய் என்பார்கள். யாராவது வந்து சொன்னால்தான் அந்த 'ஆமே' வரும். அவள் ஓடியதை உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "அதனாலயா இருக்குமோ, கிரி?" என்று பயந்து கேட்டிருந்தாள். "லூசா நீ?" என்று அவன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

அவள் கையை நீட்டிப் போனைத் துண்டித்தாள்.

"என்ன ப்ரியா இது? அம்மா பேசிட்டிருக்காங்க!"

"நான் ட்ராமுக்கு ஓடினதை அத்தைக்கு யார் சொன்னது?"

தோல் சீவும் கத்தி நின்றது. அவன் உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கு அம்மாகிட்ட அழுதுட்டேன்" என்றான். "அப்ப ஏதோ வாயில வந்துடுச்சு."

"அழுதியா?" அவள் எழுந்து அவன் பக்கம் வந்தாள். "அழுதியா கிரி நீ? அதை என்கிட்ட அழுதிருக்கக் கூடாதா?"

அவன் கத்தியை மேடையில் வைத்தான்.

"அப்ப நீயும் அப்படித்தான் நினைக்கறே. நான்தான் ஓடிப் போய்..."

"நான் ஒரு நாளாவது உன்னை ஏதாவது சொல்லியிருக்கேனா ப்ரியா?" என்றான் அவன், கெஞ்சுகிற குரலில்.

சொன்னதில்லை. சத்தியமாகச் சொன்னதில்லை. அவனுக்காகச் சொல்லத்தான் சென்னையில் ஆள் இருந்ததே. இத்தனை வாரமும் மாமியாரைத் திட்டிக்கொண்டு இவன் கொடுத்த காபியை நன்றியோடு குடித்ததை நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

போன் அடித்தது. சென்னைதான்.

"எடு" என்றாள். இனி மானம் பார்த்து என்ன ஆகப்போகிறது? அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒரே ஒரு தடவை சொல்லு கிரி. அவ மேல தப்பில்லன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம். எல்லாத்தையும் மறந்துடறேன்."

அவன் சரி என்று தலையை ஆட்டினான். அவன் கண்ணும் நிறைந்திருந்தது. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். அவள் காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, லைன் கட் ஆயிடுச்சு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "அவளா? அவ தூங்கறாம்மா."

அவன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த லக்ஷ்மிப்ரியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாஸ்போர்ட்டையும் கட்டுரையையும் பையில் போட்டாள், ஜாக்கெட்டை மாட்டினாள். கதவருகே வந்தபோதுதான் அவன் திரும்பிப் பார்த்தான். போனைக் காதிலிருந்து எடுக்காமல், இரு இரு என்று ஒரு கையால் ஜாடை காட்டினான்.

அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். தூங்குகிறவள் சத்தம் போடக் கூடாது அல்லவா?