வருகிறவர்களுக்கு ஒரு டம்ளர்

"மாடிவீட்டுக்காரி செருப்பு மாட்டுறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சுடுது. தண்ணி கேன் போடுறவன் வர்றது தெரியுது. வழி தப்பி வந்தவன்கூட வர்றது தெரியுது. கட்டின பொண்டாட்டி வந்தா மட்டும் ஏன் திருடனைப் பாத்த மாதிரி தூக்கிவாரிப் போடுது?"

"அதுக்கு நான் என்னம்மா பண்ண? கை தானா போகுது."

"தானா போற கை எனக்குன்னு ஒரு தடவை போகக்கூடாதா?"

படியில் துணி வாளியோடு ஏறிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு மேலே போனார்கள். அந்தக் கட்டிடத்தில் இந்தச் சண்டை எல்லோருக்கும் மனப்பாடம். தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் அந்த மனிதரின் வலது கை, வீட்டுக்கு யார் வருவதானாலும் கால் மணி நேரம் முன்னதாகவே அலமாரியிலிருந்து ஒரு டீ டம்ளரை எடுத்து மேஜைமேல் வைத்துவிடும். இரண்டு பேர் வந்தால் இரண்டு டம்ளர். குழந்தையோடு வந்தால் பக்கத்தில் ஒரு சின்ன டம்ளர். சர்க்கரை வியாதிக்காரர் என்றால் சர்க்கரை டப்பாவைக் கை தள்ளி வைத்துவிடும். அவர் பாட்டுக்கு மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, எண்ணெய் விட்டுக்கொண்டு, வாயில் ஸ்குரூவைக் கவ்விக்கொண்டிருப்பார். கை மட்டும் எழுந்து போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வரும். ஒருமுறை டம்ளரை எடுத்த கை பாதி வழியில் நின்று, யோசித்து, திரும்ப அலமாரியில் வைத்தது. பெரியப்பா ஒருவர் கிளம்பி பஸ் ஸ்டாப் வரை வந்து, மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டோம் என்று திரும்பிப் போனதாக அப்புறம் தகவல் வந்தது.

கட்டிடத்தில் இருந்தவர்கள் இதை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டார்கள். அவர் மேஜை ஜன்னலோரம் இருந்ததால், போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். டம்ளர் இருந்தால் யாரோ வருகிறார்கள். அது சந்தா வசூலிக்க வருகிறவராகவும் இருக்கலாம் என்பதால், இரண்டு மூன்று வீடுகளில் உடனே விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர், இந்தக் கட்டிடத்தில் மட்டும் ஏன் யாரும் வீட்டில் இருப்பதே இல்லை என்று மேலதிகாரியிடம் புலம்பினார். ஆனாலும் ரிப்பேர்காரர் வீட்டில் அவருக்கு டீ தயாராக இருந்ததால் புகார் எதுவும் எழுதித் தரவில்லை.

ரிப்பேர்காரருக்கு இதில் துளிகூட நம்பிக்கை கிடையாது. யாராவது ஆச்சரியப்பட்டால் அவருக்கு எரிச்சல் வரும். "கைப்பழக்கம்ங்க. வர்றவங்க எல்லாம் வர்ற நேரத்துக்குத்தான் வர்றாங்க, கைக்கு அது பழகிப்போச்சு. இதுல என்ன இருக்கு?" என்பார். வழி தப்பி வந்தவருக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டால், அந்தத் தெருவில் வழி தப்புவதும் பழக்கம்தான் என்பார். இந்தப் பதில் பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரருக்கு ரொம்பப் பிடிக்கும். மருந்துக்கடைக்காரர் எதையும் சோதித்துப் பார்க்கிற ஆள். ஒருநாள் ரிப்பேர்காரர் வீட்டுக்குப் போகலாம் என்று மனதார முடிவுசெய்து கிளம்பி, மூலை வரை வந்து, வேண்டாம் என்று திரும்பினார். மறுபடி கிளம்பினார், மறுபடி திரும்பினார். இங்கே டம்ளர் மேஜைக்கும் அலமாரிக்கும் நடையாய் நடந்தது. கடைசியில் ரிப்பேர்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யாருய்யா அது, வர்றதுன்னா ஒழுங்கா வா!" என்று வெறும் தெருவைப் பார்த்துக் கத்தினார். மருந்துக்கடைக்காரர் மூலையில் நின்று இதைக் கேட்டார். கேட்டுவிட்டு, தற்செயல் என்று சொல்லிக் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

நம்பிக்கை எல்லாம் மனைவியிடம்தான் இருந்தது. அந்த அம்மாளுக்கு பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலை. இந்த பஸ் இந்த மேடைக்கு வந்துகொண்டிருக்கிறது, பயணிகள் தயாராக இருக்கவும் என்று காலையிலிருந்து மாலை வரை சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் ஊருக்கே அவர் மைக்கம்மா. உலகத்தில் இருக்கிற பஸ் எல்லாம் வருகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் தன் வருகையைச் சொல்ல ஒரு டம்ளர்கூட இல்லையே என்பது அவர் நெஞ்சில் தைத்த முள்.

அதைவிட ஆழமாக இன்னொரு முள்ளும் இருந்தது. சின்ன வயதிலிருந்தே மைக்கம்மா இந்த மாதிரி விஷயங்களுக்காக ஏங்கியவர். கனவுகளை ஞாபகம் வைத்துக்கொள்வார். சனிக்கிழமைதோறும் கெமிஸ்ட்ரி சார் வீட்டில் கூடுகிற ஆழ்மன வட்டத்துக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் போவார். அங்கே வட்டம், சதுரம், நட்சத்திரம், அலை, கூட்டல் குறி என்று ஐந்து சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து, எது என்று மனதால் பார்க்கச் சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பூனை குத்துமதிப்பாகக் கை வைத்தாலே ஐந்தில் ஒன்று சரியாக வரும். மைக்கம்மாவுக்கு ஒன்றுகூட வந்ததில்லை. எத்தனையோ வருஷம் எத்தனையோ சீட்டு, எல்லாமே தப்பு. கெமிஸ்ட்ரி சார் பெருந்தன்மையான மனிதர், இத்தனை துல்லியமாகத் தப்பாகச் சொல்வதும் ஒரு சக்திதான் என்று ஆறுதல் சொன்னார். வீட்டுக்கு வந்தால், கேட்காமலே எல்லாம் கிடைத்த மனிதர், அதை மூக்கில் உட்கார்ந்த ஈ மாதிரி தட்டிவிட்டுக்கொண்டு இருப்பார். சோறு வேண்டாம் என்கிறவன் இலையில் வந்து விழுகிறதே என்று மைக்கம்மாவுக்கு வயிறு எரியும்.

போதாததற்கு மாடிவீட்டுக்காரி. அவளுக்கு அடிக்கடி ஏதாவது ஒரு ஜிப் அறுந்துவிடும். ஜிப் மாற்றுவது மெஷின் ரிப்பேரில் வராது என்றாலும் ரிப்பேர்காரர் முகம் கோணாமல் மாற்றிக்கொடுப்பார். அவளுக்கான டம்ளர் மற்றவர்களுக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வந்து உட்கார்ந்துகொள்வதாக மைக்கம்மாவுக்குத் தோன்றியது. அவள் படியிறங்க நினைக்கும்போதே கை எழுந்துவிடுகிறதோ என்று சந்தேகம். "ஜிப்பு அறுந்துச்சா, அறுத்துக்கிட்டு வர்றாளா?" என்று கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும், கையைக் கேளு" என்றார் அவர். மைக்கம்மா நிஜமாகவே அந்தக் கையைப் பார்த்துக் கேட்டார். கை ஒன்றும் சொல்லவில்லை.

மைக்கம்மா எல்லா வழியிலும் முயன்று பார்த்தார். வழக்கமான நேரத்துக்கு முன்னால் வந்து பார்த்தார், ரொம்பத் தாமதித்து வந்து பார்த்தார். பின்பக்கப் படி ஏறினார். தங்கையின் புடவையையும் தங்கையின் செருப்பையும் போட்டுக்கொண்டு வந்தார். கதவுக்கு வெளியே கண்ணை மூடி நின்று, நான் வந்துகொண்டிருக்கிறேன், நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று மைக்கில் சொல்வது போல மனசுக்குள் அறிவித்தார். உள்ளே மேஜை வெறுமையாக இருக்கும். கதவைத் திறந்ததும் மனிதருக்குத் தூக்கிவாரிப் போடும், வாயில் கவ்வியிருந்த ஸ்குரூ தெறித்து அலமாரிக்கு அடியில் உருண்டு போகும். "அட, சொல்லிட்டு வரக்கூடாதா?" என்பார். அப்புறம் இரண்டு பேரும் தரையில் குனிந்து ஸ்குரூ தேடுவார்கள். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து செய்த காரியங்களில் அதுதான் அதிகம்.

ஒரு சனிக்கிழமை மனம் பொறுக்காமல் கெமிஸ்ட்ரி சாரிடம் போய்க் கேட்டார். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, மனசில் இடம் இருக்கிறவர்களின் அலைதான் வந்து சேரும் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் மைக்கம்மா அதற்குள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மீட்டர்காரருக்கு இடம் இருக்கிறது, ஜிப்புக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். அன்றைக்கு நடந்ததுதான் மேலே சொன்ன சண்டை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பெரிய பையையும் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "நான் போறேன்" என்றார் மைக்கம்மா.

இந்த மொழி பேசுகிற எந்த வீட்டிலும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தீப்பெட்டி வாங்கப் போனாலும் போயிட்டு வரேன் என்பார்கள், கப்பலேறிப் போனாலும் போயிட்டு வரேன் என்பார்கள். தவறிப்போய் போறேன் என்று சொல்லிவிட்டால், வரேன்னு சொல்லு என்று உள்ளேயிருந்து யாராவது அதட்டுவார்கள். ரிப்பேர்காரர் வாயில் ஸ்குரூ இருந்தது. அதை எடுத்துவிட்டு அதட்டுவதற்குள் படியில் காலடிச் சத்தம் தேய்ந்துவிட்டது.

மைக்கம்மா தங்கை வீட்டில் தங்கினார். தங்கை நல்லவள். அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் ஓயாமல் டீ போட்டுக் கொடுத்தாள். பஸ் நிலையத்தில் பஸ்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று மைக்கம்மா சொல்லிக்கொண்டுதான் இருந்தார், குரலில் மட்டும் கொஞ்சம் சளி பிடித்தது போல இருந்தது. வெயில் மாறி மழைக்காலம் வந்தது. குடை வீட்டில் இருந்தது. குடைதானே, வாங்கிக்கொள்ளலாம் என்றாள் தங்கை. என் குடை எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு மைக்கம்மா ஒரு மாலை அந்தக் கட்டிடத்துப் படியேறினார்.

கதவு திறந்திருந்தது. வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற நாற்காலி தூசி தட்டிப் போடப்பட்டிருந்தது. மேஜைமேல் ஒரு டம்ளர், அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. சர்க்கரை அரை ஸ்பூன், மைக்கம்மாவுக்கு எப்போதும் போடுகிற அளவு. ரிப்பேர்காரர் மெஷினை மூடிவிட்டு எழுந்து நின்றிருந்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போடவில்லை.

"வாங்க, உக்காருங்க" என்றார்.

சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் மனைவியை ஒருநாளும் வாங்க என்று கூப்பிட்டதில்லை. மைக்கம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எத்தனை காலமாகக் கேட்டதோ அது கண்ணெதிரே ஆவி பறக்க இருந்தது. அது விருந்தாளிகளுக்கு வைக்கிற பளபளப்பான டம்ளர். மைக்கம்மாவின் டம்ளர், விளிம்பு நசுங்கினது, அலமாரியில் கவிழ்த்தபடியே இருந்தது.

"கை டம்ளரை எடுத்து வெச்சுதா, நான் மாடிவீட்டம்மான்னு நினைச்சேன்" என்றார் ரிப்பேர்காரர். "அப்புறம் கை சர்க்கரை அரை ஸ்பூன் போட்டுச்சு. நீதான்னு தெரிஞ்சதும் மெஷினை மூடிட்டு எழுந்துட்டேன்."

"ஏன்?"

"வெளியிலேர்ந்து வர்றவங்களத்தானே இதுக்குத் தெரியும். கைப்பழக்கம் கைப்பழக்கம்னு சொல்லிட்டிருந்தேன். உனக்கு வைக்கிற பழக்கமே இந்தக் கைக்குக் கிடையாதே. இது ஏதோ நிஜம்தான் போலிருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

மைக்கம்மா அந்த டம்ளரைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து நம்பியதற்கெல்லாம் சாட்சி எதிரே ஆறிக்கொண்டிருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். "சும்மா தற்செயல். மழை வந்திருக்கு, குடை எடுக்க வருவேன்னு உங்களுக்கே தோணியிருக்கும்."

"இல்லம்மா, தெரிஞ்சுது."

"தெரியலைன்னா தெரியலை. சும்மா இருங்க."

எழுந்து போய் நசுங்கின டம்ளரை எடுத்து, டீயை அதில் ஊற்றிக் குடித்தார். பளபளப்பான டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். வாசலில் நின்று, பையைத் தங்கை வீட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றார். குடையை எடுக்க மறந்து நனைந்துகொண்டே போனார்.

பையோடு திரும்பி வந்தபோதும் மேஜையில் டம்ளர் இருந்தது. மறுநாள் மாலையும் இருந்தது. மைக்கம்மா அதை எடுத்துக் கழுவி வைப்பார். பஸ் நிலையத்திலிருந்து வரும் வழியில், நான் வரவில்லை, நான் வரவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடப்பார். கெமிஸ்ட்ரி சார் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு மருந்துக்கடை வாசலில் நின்று, தற்செயல் என்றால் எதுவரைக்கும் தற்செயல் என்று கேட்டு வைத்துக்கொண்டார். உள்ளே ரிப்பேர்காரர் டம்ளர் வராமல் இருக்க அலமாரியைப் பூட்டிச் சாவியை மறைத்துப் பார்த்தார். கை சாவியையும் கண்டுபிடித்தது.

பிறகு மழை விட்டு, குடைகள் மடங்கிய காலத்தில் ஒருநாள், மைக்கம்மா யோசனை ஏதுமில்லாமல், வெங்காய விலையை நினைத்துக்கொண்டே படியேறிக் கதவைத் தள்ளினார். உள்ளே மனிதருக்குத் தூக்கிவாரிப் போட்டதில் முழங்கை பட்டு எண்ணெய்க் குப்பி கவிழ்ந்து, ஸ்குரூ தெறித்து அலமாரிக்கு அடியில் உருண்டது. "அட, சொல்லிட்டு வரக்கூடாதா?" என்று அவர் கத்தியதும், அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டது. அன்றைக்கு ரொம்ப நேரம் இருவரும் தரையில் குனிந்து தேடினார்கள். ஸ்குரூ கிடைத்த பிறகும் தேடினார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

டம்ளர் இப்போதும் எல்லோருக்கும் தவறாமல் வருகிறது, மீட்டர்காரருக்கும் வருகிறது, மருந்துக்கடைக்காரருக்கும் வருகிறது. மைக்கம்மாவுக்கு மட்டும் வருவதில்லை. மாடிவீட்டுக்காரி ஒருநாள் ஜிப்போடு வந்து உட்கார்ந்தவள், தன் டம்ளரையே வெறித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு நாளாவது வைக்காம இருக்கக்கூடாதாண்ணே?" என்று கேட்டாளாம். அதற்கப்புறம் அவளுக்கு ஜிப் அறுவதே இல்லை.

இதை நம்புகிறவர்களும் இருப்பீர்கள், மருந்துக்கடைக்காரர் கட்சியும் இருப்பீர்கள். சண்டை வேண்டாம், ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் கதவைத் திறக்கும்போது உங்கள் வீட்டில் டம்ளர் தயாராக இருக்கிறதா, இல்லை, யாருக்காவது தூக்கிவாரிப் போடுகிறதா? மறைக்காமல் கீழே எழுதுங்கள். மைக்கம்மா ஒவ்வொன்றாகப் படிக்கக் காத்திருக்கிறார்.