அழைப்புப் பாட்டு, பதினோராம் தடவை

ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து கென்ட்ராவைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்னம்மா, காலேஜுக்குக் கிளம்ப நாள் எண்ணிட்டிருக்கியா?" அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். பல் பிடுங்க நாள் குறித்தவர்கள் எண்ணுவார்களே, அப்படி.

வேதாகமக் கல்லூரியில் மிஷனரிப் படிப்பு. இரண்டு வருடம் முடிந்தது, இரண்டு பாக்கி. முடித்ததும் மங்கோலியா. பன்னிரண்டு வயதில் கோடை முகாமில், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த இடத்தில் கையைத் தூக்கி, "நான் மங்கோலியாவுக்குப் போவேன்" என்று சொன்னவள் அவள். சொன்னது குழந்தை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அமெரிக்காவின் மிசௌரி மலைக்காட்டுக்குள் கிடக்கும் பிக்கெட் ஊரின் மொத்த சபை. அவளுக்காக ஜெபிக்கச் சொல்லி அவள் படம் போட்ட அட்டை எல்லார் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் காந்தத்தில் ஒட்டியிருந்தது. யார் வீட்டிலாவது குழந்தை பார்த்துக்கொள்ளப் போய்ப் பால் எடுக்கக் கிட்டே போனால், அவளே அவளைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தப் படத்தில் இருந்தவள் நன்றாகத் தூங்கி எழுந்தவள்.

விடுமுறை என்று பெயர்தான். காலை நாலரைக்கு எழுந்து, ஐந்து மணிக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நிற்க வேண்டும். முப்பத்தெட்டுப் பேருக்கு ஓட்ஸ் கஞ்சி. அதில் பதினோரு பேருக்குச் சர்க்கரை கூடாது, ஆறு பேருக்கு மசித்து ஊட்ட வேண்டும். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற எல்டன், தட்டைத் தினமும் ஒரு முறை தள்ளிவிடுவார்.

"இது கஞ்சியா, சுவருக்குப் பூசறதா?"

"ரெண்டுக்கும் ஆகும் தாத்தா. முதல்ல வயித்துக்குப் பூசுங்க."

ஒரு மணிக்கு அங்கிருந்து விடுபட்டால் சபைத் தோட்டம். கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்துப் புல் வெட்ட வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கும், சாக்ஸுக்குள் உண்ணி ஏறும். சாயங்காலம் சிறுபிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி. சொந்தச் சபையில் ஒரு வாரம் நடத்தினால் போதாதா? பக்கத்து ஊர்ச் சபைகள் இரண்டுக்கு அவளை இரவல் கொடுத்தார்கள், ஏணி இரவல் கொடுப்பது போல. நாலு வயதுப் பிள்ளைகள் இருபது பேர், பஞ்சு ஒட்டி ஆட்டுக்குட்டி செய்வார்கள். பஞ்சு ஆட்டில் ஒட்டாது, கென்ட்ராவின் தலைமுடியில் ஒட்டும்.

முடியாது என்று அவள் சொல்ல முடியாது. மற்ற வீட்டுப் பெண்கள் சொல்லலாம். மிஷனரியாகப் போகிறவள் சொன்னால் அது செய்தி.

"மங்கோலியாவுல புல்லு வெட்ட மெஷின் இருக்கோ என்னமோ, இங்கயே ஆசை தீர வெட்டிக்கோ," என்பாள் சபையில் பியானோ வாசிக்கும் மேவிஸ். அறுபது வயது, நாக்கில் கொஞ்சம் மிளகு. கெட்டவள் இல்லை, போகிறபோது கையில் எலுமிச்சைத் தேநீர் கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

இந்த உழைப்பையெல்லாம் கூடக் கென்ட்ரா தாங்கிவிடுவாள். ஜெபம் வரவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. மண்டியிட்டால் வார்த்தை வருவதற்குள் கண் சொருகியது. மங்கோலியா வேண்டாமா, இல்லை தூக்கம் மட்டும்தான் வேண்டுமா என்று அவளுக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் வேண்டும், கல்லூரிக்குப் போகாத ஒரு வருடம். அந்த ஒரு வாக்கியத்தை அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை, அந்தக் கோடை முழுவதும் அவள் செய்யாமல் விட்ட ஒரே வேலை.

சொல்லப் பார்த்தாள். ஒரு வியாழக்கிழமை அம்மா டீனா அடுக்களையில் சுரைக்காய் மாதிரி வளர்ந்துவிட்ட சுக்கினியை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. கத்தி அந்தப் பக்கம் இருக்கு, நறுக்கிட்டே சொல்லு." அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் தானே பேசிக்கொண்டு போனாள். "நேத்து ஜெபக்கூட்டத்துல எல்லாரும் அழுதுட்டாங்க தெரியுமா? நம்ம சின்ன ஊர்லேர்ந்து ஒருத்தி போறாளேன்னு. கர்த்தர் உன்னைக் கேட்டாரு, கொடுத்துட்டேன். இனிமே உங்கப்பாவை எனக்குக் கொடுப்பாரு. கொடுக்காம எங்க போவாரு."

கென்ட்ரா சுக்கினியை நறுக்கினாள்.

அப்பா வெண்டெல் மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். நல்ல மனிதர், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். ஆனால் சபைக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவார், மகள் மேடையேறும் நாளுக்கு வருவார், கதவை ஒட்டின கடைசி பெஞ்சில் உட்கார்வார். மனம் திரும்புகிறவர்கள் செய்வது போல மேடைக்கு முன் பலிபீடத்துக்கு வந்து மண்டியிட்டதே இல்லை. இருபத்திரண்டு வருடமாக டீனா புதன்தோறும் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டு வருகிறாள். சபையில் பாதிப் பேருக்கு அவர் முகத்தை விட அவர் பெயர்தான் பழக்கம்.

வழியனுப்பும் ஞாயிறும் வந்தது. பாட்டு, பிரசங்கம், அழைப்பு, அதன்பின் கென்ட்ரா மைக்கில் சாட்சி, அதாவது கர்த்தர் தன்னை நடத்திய விதத்தை, சொல்ல வேண்டும். எல்லோரும் அவள்மேல் கைவைத்து ஜெபிப்பார்கள். பிறகு பின்கூடத்தில் பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம், ஐஸ்கிரீமோடு. அன்று விடியற்காலையில் வேறொருத்தி வராததால் முதியோர் இல்லத்தில் இரண்டு ஆள் வேலை செய்துவிட்டு வந்திருந்தாள் கென்ட்ரா. சாட்சி என்று எழுதிக்கொண்டு வந்த தாளில் தன் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை.

பாஸ்டர் கர்ட்டிஸ் அழைப்புக் கொடுத்தார். "எல்லாத் தலையும் தாழட்டும், எல்லாக் கண்ணும் மூடட்டும். கர்த்தர் யாரோட பேசறாரோ அவங்க முன்னாடி வரலாம்." மேவிஸ் பியானோவைத் தொட்டாள். அப்போதுதான் கென்ட்ராவுக்கு யோசனை வந்தது. பலிபீடத்தில் மண்டியிட்டிருக்கிறவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள், பாட்டையும் நிறுத்த மாட்டார்கள். கடவுளும் மனுஷரும் பேசும் இடத்தில் குறுக்கே புகுவது அங்கே பெரிய பிழை. போய் மண்டியிட்டால் ஐந்து நிமிடம் கிடைக்கும். அதற்குள் என்ன சொல்வது என்று யோசித்துவிடலாம்.

போனாள். படியில் முழங்கையை ஊன்றினாள், நெற்றியைக் கையில் வைத்தாள். கம்பளம் பழைய தூசி வாசனை அடித்தது. முதல் சரணம் முடிவதற்குள் தூங்கிப்போனாள்.

பாட்டு முடிந்தது. பாஸ்டர் கண்ணைத் திறந்து பார்த்தார், அவள் அசையவில்லை. விரலைச் சுழற்றி மேவிஸுக்கு ஜாடை காட்டினார், மறுபடியும் முதலிலிருந்து. மூன்றாம் தடவையில் பெண்கள் இரண்டு பேர் வந்து அவள் முதுகில் கைவைத்து அழுதார்கள். ஆறாம் தடவையில், "பாவம், கர்த்தரோட போராடறா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மேவிஸின் விரல் வலித்தது, பின்கூடத்தில் ஐஸ்கிரீம் உருகியது. எட்டாம் தடவை பாடும்போது கடைசி பெஞ்சிலிருந்து வெண்டெல் எழுந்தார். நடுவழியே நடந்து வந்து மகளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

சபையே விம்மியது. டீனா எழுந்து நின்றவள் உட்காரவே இல்லை.

பதினோராம் தடவையில் கென்ட்ராவுக்கு விழிப்பு வந்தது. டீசல் வாசனை அடிக்கும் பெரிய கை ஒன்று அவள் தோளைத் தாங்கியிருந்தது. கன்னத்தில் எச்சில்.

"அப்பா?"

"மெதுவா. சட்டுனு எழுந்துக்காதே."

"நீங்க எப்படிப்பா இங்க?"

"குறட்டை விட்டே," என்றார் அவள் காதுக்குள். "இவங்கல்லாம் நீ பரிசுத்த ஆவி இறங்கிப் பெருமூச்சு விடறேன்னு நினைச்சிட்டிருக்காங்க. அது நம்ம வீட்டுச் சத்தமாச்சே, எனக்குத் தெரியாதா? ஒரு பக்கமாச் சாய ஆரம்பிச்சுட்டே. விழுந்துடப் போறியேன்னு வந்தேன்."

கென்ட்ரா திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகம் நனைந்து, பத்து வயது குறைந்து தெரிந்தது. அந்த முகத்தில் இருபத்திரண்டு வருட ஜெபமும் ஒரே நேரத்தில் பலித்துவிட்டிருந்தது, மகள் போகிறாள், புருஷன் வந்துவிட்டார்.

பாட்டு நின்றது. பாஸ்டர் மைக்கோடு குனிந்தார். "சொல்லும்மா. கர்த்தர் உன்னோட என்ன பேசினார்?"

போகச் சொன்னார் என்று ஒரு பொய் போதும். எல்லோரும் கைதட்டுவார்கள், பலகாரம் சாப்பிடலாம், செவ்வாய்க்கிழமை கிளம்பலாம். அப்பாவும் வாயைத் திறக்க மாட்டார்.

"பாஸ்டர், நான் தூங்கிட்டேன்," என்றாள்.

யாரோ சிரித்தார்கள்.

"நிஜமாத்தான். மே மாசத்துலேர்ந்து நான் ஒரு நாள் கூட ஒழுங்காத் தூங்கல. எனக்கு ஜெபம் வரல. மங்கோலியாவுக்குப் போகணுமான்னு தெரியல. இந்த வருஷம் நான் காலேஜுக்குப் போகல." மைக் கீச்சிட்டது. அவள் அதைத் தள்ளிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "உங்ககிட்டதான்மா முதல்ல சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு."

பாஸ்டர் வாயைத் திறந்தார். "சும்மா இருங்க பாஸ்டர்," என்றாள் மேவிஸ், விரல்களைத் தேய்த்துக்கொண்டே. "இந்தப் பொண்ணைப் பிழிஞ்சு எடுத்தது நாமதான்."

டீனா முன்னால் வந்தாள். மகளைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தாள். "அப்போ நீங்க?"

"இவ விழுந்துடக் கூடாதுன்னு வந்தேன், டீனா. வேற ஒண்ணும் இல்ல. உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

அவள் முகம் பழைய வயதுக்குத் திரும்பியது. தலையை மட்டும் ஆட்டினாள். கென்ட்ரா எழுந்து அப்பாவுக்குக் கைகொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை விட்டுவிட்டு மறுபடி மண்டியிட்டார்.

"நீ இவளைக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வை," என்றார் டீனாவிடம், தலையைத் தூக்காமல். "இவ்வளவு தூரம் வந்துட்டேன். கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்."

எதற்கு அழுவது என்று டீனாவுக்குத் தெரியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் காருக்கு நடந்தாள்.