கை காட்டும் மச்சான்

பயிருக்கு மருந்து தெளிக்கிற ஹெலிகாப்டர் என்றதும் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் ஏறினால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத சின்ன வண்டி. சக்கரம்கூடக் கிடையாது, அடியில் நீளமாக இரண்டு குழாய்க் கால்கள், அவ்வளவுதான். ஓட்டுகிறவன் மாப்பிள்ளை. கீழே லாரியில் மருந்தைக் கலக்கி, ரப்பர் ஹோஸ் பிடித்து அதன் தொட்டியை நிரப்புகிறவன் மச்சான். வேலையிடத்தில் எல்லோருக்குமே அவர்கள் அப்படித்தான். இந்த வேலையில் பிடித்துக்கொண்ட சிநேகிதத்தில்தான் மச்சான் தன் தங்கையையே அவனுக்குக் கட்டிக்கொடுத்தான்.

இருவருக்கும் நடுவே ஒரு கூத்து உண்டு. வண்டி கிளம்பும்போதெல்லாம் மச்சான் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே குறுக்கே வீசி, "ஐயோ மாப்ள, போகாத! என் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்வேன்!" என்று மாரில் அடித்துக்கொள்வான். விசிறிச் சத்தத்தில் ஒரு எழுத்து காதில் விழாது. விழாவிட்டால் என்ன, மாப்பிள்ளைக்கு மனப்பாடம். நெற்றியில் இரண்டு விரலை வைத்து ஒரு சலாம் போட்டு, பல்லைக் காட்டிவிட்டுப் பறப்பான்.

"டேய், அது வண்டிய நிறுத்தச் சொல்ற சைகைடா. அதுல என்ன விளையாட்டு?" என்று முதலாளி ஒருநாள் கத்தினார்.

"அவனுக்கு வித்தியாசம் தெரியும் சார்," என்றான் மச்சான்.

அவன் சொன்ன விதத்தில் முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்காமல் ஒரு அறை விட்டிருக்கலாம் மனுஷன்.

அன்றைக்கும் தொட்டி நிரம்பியது. மச்சான் ஹோஸைக் கழற்றிப் போட்டு, மூடியைத் திருகிவிட்டு, குனிந்தபடி விலகி வந்து திரும்பி நின்றான். கை விளையாட்டுக்குத்தான் மேலே போனது. அப்புறம்தான் கண் பார்த்தது. தரையில் கிடந்த காலி ஹோஸை விசிறிக் காற்று உருட்டிவிட்டிருந்தது. அதன் வளைவு ஒன்று வண்டியின் வலது காலில், பின்முனையில், மாட்டியிருந்தது. ஹோஸின் மறுமுனை லாரியோடு இறுக்கி முடுக்கப்பட்டிருந்தது.

"நிறுத்து! மாப்ள, நிறுத்து!"

நிஜமாகக் கத்தினான். நிஜமாகக் கையை வீசினான். நிஜத்துக்கென்று தனியாக வேறு கையா வைத்திருக்கிறான்? அதே கை, அதே வீச்சு. மாரில் அடித்துக்கொண்டான், அதுவும் கூத்தில் உள்ளதுதான். மண்ணில் முட்டி போட்டுக் கும்பிட்டான். இன்றைக்கு நடிப்பு பிரமாதம் என்று மாப்பிள்ளை நினைத்திருக்க வேண்டும், வாய்விட்டுச் சிரித்தான். சலாம் போட்டான். வாக்கி டாக்கி லாரிக்குள் கிடந்தது. அதை எட்டி எடுக்க ஏது நேரம்?

இடது கால் எழும்பியது. வலது கால் எழும்பவில்லை. வண்டி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, விசிறி மண்ணைக் கொத்திச் சிதறியது. மச்சான் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டான். நிமிர்ந்தபோது எல்லாச் சத்தமும் அடங்கியிருந்தது. அவன் மட்டும் "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டே இருந்தான். இப்போது நன்றாகக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிச் சுவருக்கு வெளியே தங்கை நின்றிருந்தாள். உயிருக்குப் பயமில்லை, கழுத்துக்குக் கீழே எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஹோஸ் மாட்டினத நீ பாக்கலையாண்ணா?"

"பாத்தேன்."

"கை காட்டலையா?"

"காட்டினேம்மா."

"அவர் பாக்கலையா?"

"பாத்தான்."

 பார்த்துவிட்டுச் சிரித்தான் என்பதை எந்த வாயால் சொல்வது? பாவி, பாவி என்று மனசுக்குள் தன்னையே வைதுகொண்டான்.

உள்ளே மாப்பிள்ளை கண்ணைத் திறந்தான். தலை அசையவில்லை; கண் மட்டும் மெல்ல நகர்ந்து கண்ணாடிப் பக்கம் வந்து நின்றது.

"அண்ணா, உன்னத்தான் பாக்குறாரு! கை காட்டுண்ணா! ஏன் இப்படிக் கல்லு மாதிரி நிக்கிற, கை காட்டு!"

மச்சானின் கைகள் எழும்பவில்லை. தங்கைக்குப் பொறுக்கவில்லை. அழுதுகொண்டே அவன் மணிக்கட்டைப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை சிரித்தான்.