கசக்கும் முன் திறந்துவிட வேண்டிய தண்ணீர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. பேராசையும் ஏற்றத்தாழ்வும் முதலாளித்துவத்தின் எதிர்காலத்தை என்ன செய்யும் என்று ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. 'உலகச் செல்வத்தின் பெரும்பகுதி ஒரு சிலர் கையில்' என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு மரக்காணம் உப்பளத்துக்கு பஸ் ஏறினேன்.

2

அங்கே தெரிந்துகொண்டது ஒன்றுதான். பாத்தியில் விளைந்த உப்பை வாரியதும், மிச்சம் நிற்கிற பழைய தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். அதிலும் கொஞ்சம் உப்பு இருக்கத்தான் செய்கிறது. அதற்கு ஆசைப்பட்டு அதன்மேலேயே புதுத் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே போனால் விளைகிற உப்பெல்லாம் கசக்கும்.

துள்ளிக் குதித்தேன். கட்டுரைக்கு உவமை கிடைத்துவிட்டதே! (உவமை கிடைத்ததும் யோசிப்பதை நிறுத்திவிடுவது என் பழைய வியாதி.) ஆனால் உவமை கூலி வேலைக்குப் போகாது. போகிற ஆள் வேண்டும்.

3

ஆகவே அம்சவள்ளி. இருபது வருடமாக உப்பு வாருகிறவள். மகள் திண்டிவனத்தில் நர்ஸிங் படிப்பது இந்தக் கூலியை நம்பித்தான். முதலாளி ஆதிமூலத்துக்கு இருபத்துநாலு பாத்தி. பதினோரு பெண்களில் ஆறு பேரை நிறுத்திவிட்டு, மிச்ச ஐந்து பேரிடமே மொத்த வேலையையும் வாங்குகிறார்.* தண்ணீரை மாற்ற ஆளும் இல்லை, அவருக்கு மனசும் இல்லை.

"மொதலாளி, தண்ணி கசந்துபோச்சுங்க. தொறந்து வுட்டுடலாம்."

"அதுல இருக்கிற உப்ப உங்கப்பனா வந்து குடுப்பான்? வரப்புல கைய வச்சே, நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

* ரோட்டோர மளிகைக்கடையும் ஆதிமூலத்துடையதுதான். அந்த ஆறு பேரை நிறுத்தியதிலிருந்து கடையில் வியாபாரம் டல். ஏன் என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. (நான் கிழித்த மூன்று பக்கமும் இந்த அடிக்குறிப்புக்குள் அடங்கிவிட்டது பாருங்கள்.)

4

மத்தியானம், மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், அம்சவள்ளி ஒரே ஒரு பாத்தியின் வரப்பை மண்வெட்டியால் வெட்டினாள். பழைய தண்ணீர் ஓடியது. வரப்பை அடைத்துப் புதுத் தண்ணீர் பாய்ச்சினாள். சில நாளில் அதில் விளைந்த உப்பைத் தனியாகக் குவித்து வைத்தாள். ஆதிமூலம் ரோட்டில் பைக்கை நிறுத்தி அங்கிருந்தே பார்த்துவிட்டுப் போகிறவர். அவர் கண்ணில் படவில்லை.

முதல் முடிவு: ஒருநாள் பட்டுவிடுகிறது. அவளை விரட்டுகிறார். பாத வெடிப்பில் உப்பு எரிய எரிய அவள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்து...

வேண்டாம். படிக்கிறவர்கள் அழுவார்கள், தெரியும். இந்த வரியை வைத்துக்கொண்டு, அவளை இன்னும் கொஞ்சம் வாட்டினால் என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் முடிவு: ஆதிமூலம் மனம் திருந்துகிறார். அட, போங்க! எழுதிய நானே நம்பவில்லை.

5

அதனால் லாரியை வரவழைத்தேன். ஆதிமூலமும் அன்றைக்குப் பாத்திவரை இறங்கி வந்தார். அதில் வந்த புரோக்கர் வெங்கடாசலம் பெரிய குவியலிலிருந்து ஒரு கல் உப்பை வாயில் போட்டார். தூ என்று துப்பினார். சின்னக் குவியலிலிருந்து இன்னொன்று போட்டார். துப்பவில்லை.

"இது எந்தப் பாத்தி?"

(அவளை வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னேன். கேட்டால்தானே!)

"அந்த ஓரத்துப் பாத்திங்க. நான்தான் தண்ணிய தொறந்து வுட்டேன்."

"யாரக் கேட்டுடி..." என்று பாய்ந்தார் ஆதிமூலம்.

"ஏம்பா, அப்பறமா திட்டிக்க," என்றார் வெங்கடாசலம். "எல்லாப் பாத்தியும் இப்டி வந்தா லோடு எடுக்கறேன். இல்லன்னா லாரி இன்னைக்கும் காலி, என்னைக்கும் காலி."

ஆதிமூலம் அம்சவள்ளி பக்கம் திரும்பினார். "சரி, எல்லாத்தையும் தொறந்து வுடு."

"அஞ்சு பேரால ஆவாதுங்க. அந்த ஆறு பேரையும் கூப்புடுங்க."

அவர் காலி லாரியைப் பார்த்தார். போனை எடுத்தார். அதில் அந்த ஆறு பேரில் ஒருத்தி நம்பர்கூட இல்லை.

"நம்பர் சொல்லு."

அம்சவள்ளி மலர்கொடியின் நம்பரிலிருந்து ஆரம்பித்தாள். அப்பாடா! நான் பேனாவை வைத்துவிட்டு ஒரு டீ குடித்தேன்.

6

அடுத்த வருடம் ஆதிமூலம் மறுபடியும் ஆளைக் குறைப்பாரா? அப்படி ஒரு திருப்பம் வையுங்களேன் என்கிறார் பத்திரிகைக்காரர். வைக்கலாம். இந்தக் கதையிலும் இன்னும் கொஞ்சம் உப்பு இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அதோ, ஆறு பெண்களும் மண்வெட்டியோடு வரப்பில் வந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு இது போதும். வரப்பை நானும் வெட்டிவிட்டேன். மிச்சக் கதை உங்கள் பக்கமாக ஓடி வருகிறது. கசந்தால் என்னைத் திட்டாதீர்கள், நீங்களும் திறந்து விடுங்கள்.