ஈரமா, வெறும் சூடா

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. சந்தேகம் என்னுடையதல்ல. கோயம்புத்தூரிலிருந்து வரும் மாதப் பத்திரிகை ஒன்றின் வாசகி கேட்டது. ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும்போது துண்டுகளை ஈரம் தெளித்து ஆவி வரத் தேய்க்க வேண்டுமா, வெறும் சூட்டில் தேய்த்தால் போதுமா? ஆசிரியருக்கு விடை தெரியவில்லை. மலையில் இருப்பவன் எப்போதும் போர்வைக்குள்தான் இருப்பான் என்று நினைத்து என் தலையில் கட்டிவிட்டார்.

நான் பள்ளிவாசல் என்கிற மலையூருக்குப் பக்கத்து எஸ்டேட்டில், தேயிலை பாக்டரியில் வேலை பார்ப்பவன். இது 1974. நாலு வரியில் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். எழுத உட்கார்ந்தால் பிலோமி என்றொருத்தி காகிதத்தில் வந்துவிட்டாள். வந்தவளைப் போகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

2

முதல் தொடக்கம்: ‘பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற மலைச்சரிவில் பனி இறங்கிய ஒரு மாலை…’

(அடித்துவிட்டேன். இங்கே கொழுந்து பறிக்கிற யாரும் கம்பளத்தைப் பார்த்ததில்லை. அட்டை கடித்த காலைத்தான் பார்த்திருக்கிறார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: ‘பிலோமிக்கு நிறைமாதம்.’ இது நிற்கும்.

பிலோமி கொழுந்து பறிப்பவள். பிறக்கப்போகும் பிள்ளைக்காகப் பழைய சேலையையும் புருஷனின் கிழிந்த சட்டைகளையும் சதுரம் சதுரமாக வெட்டிப் போர்வை தைத்திருக்கிறாள். தைத்த மடிப்புகள் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, செம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் எடுத்துத் துணிமேல் ஊதப்போகிறாள்.* மாமியார் செபமாலையம்மாள் தடுக்கிறாள்.

“தண்ணி வைக்காத. வெறுஞ்சூட்டுல தேயி.”

“மடிப்பு படிய மாட்டேங்குதே அத்த. பிள்ளைக்குக் குத்தும்.”

“ஈரத்தோட மடிச்சு டிரங்குப் பொட்டில வச்சா பூசணம் பூத்துரும்.”

* வாயால் ஊதுவதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: பள்ளிவாசலில் ஆற்றுத் தண்ணீரிலிருந்து கரண்டு எடுக்கிறார்கள். எங்கள் லயத்து வீடுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. தானே ஆவி விடும் இஸ்திரிப் பெட்டியை நான் விளம்பரத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

3

இரண்டு பேர் சொல்வதும் சரி. அதுதான் தலைவலி.

ஈரம் வைத்துத் தேய்த்தால் மடிப்பு படுத்துவிடும், துணி மெத்தென்று இருக்கும். ஆனால் மூடுபனி விலகாத இந்த ஊரில் உள்ளே போன ஈரம் லேசில் வெளியே வராது. அன்றாடம் எடுத்துப் புழங்கினால் காயும். மடித்து வைத்தால் கரும்புள்ளி விழும். வெறும் சூட்டில் தேய்த்த மடிப்பு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனாலும் எத்தனை வருடம் டிரங்கில் கிடந்தாலும் கெடாது.

ஆக, அம்மா வாசகியே, போர்வையைப் போர்த்தப்போகிறீர்களா, எடுத்து வைக்கப்போகிறீர்களா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

இத்தோடு பேனாவை மூடியிருக்க வேண்டும். ஆனால் நிறைமாதக்காரி தைத்த போர்வையைப் பார்த்ததும் செபமாலையம்மாளுக்கு ஏன் டிரங்கு ஞாபகம் வருகிறது? அந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை என்று ஒரு வரி எழுதினேன். அடித்தேன். திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.

4

முடிவுக்கு மூன்று வழி பார்த்தேன்.

செபமாலையம்மாள் மனம் இளகி, தானே தண்ணீர் தெளிக்கிறாள். (கோவில் திருவிழா நாடகத்தில் இப்படி நடக்கும்.)

பிலோமி மாமியார் பேச்சைக் கேட்டு வெறும் சூட்டில் தேய்த்து, மடித்து, டிரங்கை மூடுகிறாள். (இதை ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதினேன். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.)

அன்று ராத்திரி பிலோமிக்கு வலி எடுத்து

5

மேலே உள்ள வரியில் பேனாவை வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது என் மனைவி அன்னாள் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு இதைப் படித்துக்கொண்டிருந்தாள். என் கையெழுத்தைப் படிப்பதே ஒரு பெரிய படிப்பு. அவள் படித்துவிடுவாள்.

சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். அன்னாளுக்கும் இது நிறைமாதம்.

பிலோமி யார் என்று கேட்டாள். யாருமில்லை, சும்மா கதை என்றேன். அதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“இந்த மாமியா எதுக்கு? எனக்குத்தான் மாமியாரே கெடையாதே.”

என் அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். கதை என்றால் எதிர்த்துப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று இழுத்தேன்.

“அவ பேசுறது பூராம் நீங்க பேசுறது. போன ரெண்டு தடவையும் பிள்ளத் துணிய உள்ள வைக்க டிரங்கத் தொடச்சு வச்சது நீங்கதான். இந்தத் தடவையும் தொடச்சு வச்சிருக்கீங்க. பாத்தேன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன்.

எனக்குப் பயம். மூன்றாவது முறையும் நம்பிவிட்டு, அந்தச் சின்னச் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடேறிக் கல்லறைத் தோட்டத்துக்கு நடக்க என் காலில் வலு இல்லை. இதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான், ஊரில் இல்லாத ஒரு கிழவியைக் கூட்டிவந்து பூசணத்தைப் பற்றிப் பேச வைத்திருக்கிறேன். பாவம், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

6

செபமாலையம்மாளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். பிலோமி தனியாக நின்றாள்.

பிலோமியையும் எடுத்துவிட்டேன். இப்போது அன்னாள் நிற்கிறாள்.

பலகைமேல் போர்வை விரிந்திருக்கிறது. அதில் என் காக்கிச் சட்டையின் முதுகு ஒரு சதுரம். இஸ்திரிப் பெட்டிக்குள் கரி சிவந்திருக்கிறது. செம்பைத் தூக்கி ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். வாயில் தண்ணீர் இருப்பதால் ஒன்றும் கேட்க முடியாது. கேட்கவும் வேண்டியதில்லை. நான் தலையை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் இதை அச்சில் படிக்கும் நேரம் பிள்ளை தங்கியதா இல்லையா என்று எனக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாது. அதைத் தெரிவித்து நான் எதுவும் எழுதப்போவதில்லை. இந்த வரியை எழுதும்போது எனக்கும் தெரியாது. அதனால் என் தலை எந்தப் பக்கம் ஆடியது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். கரி ஆறிக்கொண்டிருக்கிறது. நிறைமாதக்காரி, வாயில் தண்ணீரோடு எவ்வளவு நேரம்தான் நிற்பாள்.