படியில் நின்றவன்

கொச்சங்காடி முக்கில் நின்ற பென்ரோஸ் துரையின் சிலையைப் பெயர்க்க வேண்டுமா, வேண்டாமா என்று அறுபத்து மூன்றாம் வருஷத்தில் கொச்சி மட்டாஞ்சேரி முழுக்க ஒரே வாக்குவாதம். சாயாக்கடையில் அதே பேச்சு, படகுத்துறையில் அதே பேச்சு. கப்பல் கம்பெனி நடத்திய வெள்ளைக்காரன் அவன். செத்துத் தொலைந்து எத்தனையோ காலமாயிற்று. அவன் நின்றால் என்ன, விழுந்தால் எனக்கென்ன? என் வயிற்றெரிச்சலெல்லாம் சிலைக்குக் கீழே இருந்த கல்படியைப் பற்றித்தான்.

அந்தப் படியில் ஏறி நின்றுதான், கம்பெனிக்குக் கூலியாள் பிடித்துக் கொடுத்த செல்லதுரை மூப்பன் சாப்பா எறிவான். சாப்பா என்பது பித்தளையில் அடித்த வட்ட வில்லை. அது கையில் சிக்கியவனுக்கு அன்று கப்பலில் மூட்டை தூக்கும் வேலை. சிக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? மாட்டான். கோழிக்கு நெல் இறைப்பதுபோல் கூட்டத்துக்குள் விசிறுவான். ஆண்பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுவார்கள். அப்படி விழுந்தவர்களின் அடியில் சிக்கித்தான் என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து நெஞ்சு நசுங்கிச் செத்தார். ஆஸ்பத்திரியில் அவர் விரல்களைப் பிரித்து, சாப்பாவை எடுத்து என்னிடம் கொடுத்தார்கள்.

சாப்பா முறை ஒழிந்ததும் செல்லதுரை சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு பெரிய மனுஷன் ஆகிவிட்டான். சிலையை அகற்றும் கமிட்டிக்கு அவனே தலைவர்! கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிலைக்கு முன்னாலேயே மைக் வைத்துக் கூட்டம் போட்டார்கள். முதலில் பேசியவர் வக்கீல் வைத்தீஸ்வரன். பாலக்காட்டு ஐயர். சிலை இருக்கட்டும் என்கிற கட்சி.

“நன்னா செஞ்ச சிலையாக்கும். ஒடச்சா பின்னே கிட்டுமோ? சரித்ரம் நல்லதானாலும் சீத்தையானாலும் அங்கேயே நிக்கட்டும்.”

நல்ல மனிதர்தான். ஆனால் துரையின் மூக்கழகைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியவர், படியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்து செல்லதுரை, அதே படியில் ஏறினான்.

“நம்ம ஆளுவள நாயா ஓட வச்சவன் இந்தத் துரைதான். இவன் நின்ன கல்லுகூட மிஞ்சப்பிடாது. படியோட பேத்துக் காயல்ல தள்ளணும். என்ன சொல்லுதிய?”

கைதட்டினார்கள். என் மகன் பிச்சைமணியும் தட்டினான். அப்பாவோடு சேர்ந்து சாப்பாவுக்கு விழுந்து புரண்டவன் அவன். இப்போதுதான் ஒழுங்காக வேலை வருகிறது, எதற்கு வம்பு என்பான்.

நான் எழுந்தேன்.

“சிலைய என்னவும் செய்யுங்க. படிய விட்ருங்க. இதுல நின்னு சாப்பா எறிஞ்சவன் பேரையும், அதுல செத்தவரு பேரையும் அதுலயே வெட்டி வைங்க.”

“மாடத்தியக்கா, பழசையெல்லாம் எதுக்குக் கிண்டுதிய? கம்பெனிக்காரன் எறியச் சொன்னான், எறிஞ்சேன்.”

“எறியச் சொன்னான், சரி. சிரிச்சுக்கிட்டு எறியச் சொன்னானா வே?”

பிச்சைமணி என் கையைப் பிடித்து இழுத்தான். “சும்மா இரும்மா. சேட்டன்மாரு எல்லாம் பாக்காவ.”

அதைக் கேட்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த சாப்பாவை அவிழ்த்து, செல்லதுரையின் மூஞ்சியைப் பார்த்து வீசினேன். குறி தப்பியது. படியில் பட்டு ணங்கென்று சத்தமிட்டுக் கூட்டத்துக்குள் தெறித்தது.

முன்னால் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் பாய்ந்தார்கள்.

யாரும் யோசிக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டது, உடம்பு விழுந்தது, அவ்வளவுதான். முழங்கை இடித்தது, சட்டை கிழிந்தது, மைக் சாய்ந்தது. நரைத்த தலைகளும் அந்தக் குவியலில் கிடந்தன. செல்லதுரை மட்டும் நின்றான். வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்து, ஒரு காலைப் பின்னால் வாங்கிக்கொண்டான். குவியல் தன் மேல் பட்டுவிடக் கூடாதாம். அந்த நாளில் எப்படி நின்றானோ அப்படியே நின்றான்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். எழுந்தவர்கள் எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். துரையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

கடைசியாக எழுந்தவன் என் மகன். விரல்முட்டியில் ரத்தம், உள்ளங்கையில் அவன் அப்பாவின் சாப்பா. அவமானத்தில் முகம் கறுத்திருந்தது. என்னைப் பார்க்காமல் நேரே படிக்குப் போய், பழைய வழக்கப்படி அதை நீட்டினான்.

“மூப்பா, எனக்குக் கிட்டிட்டு. இன்னைக்கு எந்தக் கப்பலு?”

செல்லதுரை வேட்டி நுனியைக் கீழே விட்டான். பிறகு படியை விட்டு இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் போனான். ஒருவரும் அவனுக்கு வழிவிடவில்லை. இடித்துக்கொண்டுதான் போனான்.

சிலையை அப்புறம் எடுத்துப்போய்விட்டார்கள். வக்கீலுக்கு வருத்தம். படியைப் பெயர்க்க வந்த ஆட்களைப் பிச்சைமணி குறுக்கே நின்று திருப்பி அனுப்பினான். படியில் பேர் வெட்டுகிறோம் என்று சொன்ன கமிட்டிக்காரர்கள் இன்னும் வெட்டவில்லை. வெட்டுகிற வரைக்கும் நான் அந்தப் படியில் உட்கார்ந்துதான் மீன் விற்பேன். என்ன மீன் என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் சாப்பா எறிந்த அவன் பேரையும் செத்த இவர் பேரையும் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் மீனின் பேர்.